ஊசி இல்லாத வருடத்திலும் நாயை மருத்துவரிடம் காட்டுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வார இணைப்பில், செல்லப் பிராணிகள் பகுதியில் வாசகர் ஒருவர் கேட்டிருந்த கேள்வியையும் அதற்கு வெளியான பதிலையும் படித்தேன். நாயை எவ்வளவு நாளைக்கு ஒரு முறை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். ஆரோக்கியமான நாயாக இருந்தால் வருடத்துக்கு ஒரு தடவை ஊசி போட்டுக்கொண்டு வந்தால் போதும் என்று இரண்டே வரியில் பதில் முடிந்துவிட்டது. 'வருடத்துக்கு ஒரு தடவை' என்பது பல நாய்களுக்குப் பொருந்தும். 'ஊசி போட்டுக்கொண்டு வந்தால் போதும்' என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். சற்று நீளமாகத்தான் இருக்கும், பொறுத்தருள வேண்டும்.

நான் ஒரு கால்நடை மருத்துவமனையில் உதவியாளராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நாயை எடைப் பலகையில் ஏற்றி நிறுத்துவது, மருத்துவர் பார்க்கும்போது தலையை அணைத்துப் பிடித்துக்கொள்வது, தடுப்பூசி அட்டையில் தேதி எழுதுவது, தொலைபேசியில் பேசுவது எல்லாம் என் பொறுப்பு. நான் மருத்துவர் அல்ல. யாருக்கும் மருந்து சொல்ல இதை எழுதவில்லை. ஆனால், மக்கள் நாயை எப்போது அழைத்து வருகிறார்கள், எப்போது அழைத்து வராமலே இருந்துவிடுகிறார்கள் என்பதை வாசல் மேசையிலிருந்து பார்த்தவள் என்ற முறையில் எனக்குச் சொல்ல விஷயம் இருக்கிறது.

அட்டையில் அடுத்த ஊசிக்குத் தேதி குறித்திருந்தால் வருவார்கள். குறிக்கவில்லை என்றால் வரமாட்டார்கள். "இந்த வருடம் ஊசி ஏதும் இல்லையே அம்மா, பிறகு எதற்கு வர வேண்டும்?" என்று தொலைபேசியில் எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் அலட்சியக்காரர்கள் அல்லர். நாயைப் பெற்ற பிள்ளைபோல் வளர்ப்பவர்கள்தான். மருத்துவர் என்றால் ஊசி என்று மனதில் பதிந்துவிட்டது, அவ்வளவுதான். தங்கள் பதிலும் அதையே உறுதிப்படுத்திவிடுமே என்பதுதான் என் கவலை.

முன்பெல்லாம் இந்த எண்ணத்தால் பெரிய கெடுதல் நேரவில்லை. எல்லா ஊசியும் வருடாவருடம் போடுவது வழக்கமாக இருந்தது. ஊசிக்கு வரும் சாக்கில் மருத்துவர் நாயைத் தலை முதல் வால் வரை ஒரு தரம் தடவிப் பார்த்துவிடுவார். இப்போது நிலைமை வேறு. நாய்களைத் தாக்கும் வைரஸ் நோய்களான டிஸ்டெம்பர், பார்வோ, தொற்றுக் கல்லீரல் அழற்சி ஆகிய மூன்றுக்குமான தடுப்பூசிகளைக் குட்டிப் பருவத்தில் முறையாகப் போட்டு முடித்துவிட்டால், அதன் பிறகு மூன்று ஆண்டுக்குக் குறைந்த இடைவெளியில் மறுபடி போடத் தேவையில்லை என்பது உலகச் சிறு விலங்குகள் கால்நடை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதல். ரேபீஸ் ஊசி, மருந்தின் வகையையும் அந்தந்த இடத்துச் சட்டத்தையும் பொறுத்து ஆண்டுக்கு ஒன்று அல்லது மூன்று ஆண்டுக்கு ஒன்று. எலிக்காய்ச்சல் ஊசி, அந்த நோய்க்கு வாய்ப்புள்ள நாய்களுக்கு ஆண்டுதோறும். இது நல்ல மாற்றம்தான். தேவையில்லாத ஊசியை எதற்குப் போட வேண்டும்? ஆனால் ஊசியை மட்டுமே கணக்கில் வைத்திருக்கும் வீட்டில், நாயின் உடம்பில் மருத்துவரின் கை படுவதே மூன்று ஆண்டுக்கு ஒரு முறை என்று ஆகிவிடக்கூடும். பன்னிரண்டு ஆண்டு வாழும் உயிருக்கு மூன்று ஆண்டு என்பது ஆயுளில் கால் பங்கு.

நாயின் வயதை ஏழால் பெருக்கினால் மனித வயது வரும் என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறோம். அது சரியான கணக்கு இல்லை. லாப்ரடார் நாய்களின் மரபணுவில் வயதோடு ஏற்படும் ரசாயன மாற்றங்களை மனிதர்களின் மாற்றங்களோடு ஒப்பிட்டு 2020-ல் ஓர் ஆய்வு வெளியானது. அதன்படி, ஒரு வயது நாய் ஏறக்குறைய முப்பது வயது மனிதருக்குச் சமம். நான்கு வயது நாய் ஐம்பதைத் தாண்டிவிடுகிறது. அதன் பிறகு வேகம் குறைகிறது. எல்லா இனத்துக்கும் இது அப்படியே பொருந்தாது. பெரிய உடல்வாகு கொண்ட நாய்கள் சீக்கிரம் முதுமை அடைகின்றன, சிறிய நாய்கள் நிதானமாக. ஆனாலும் விஷயம் புரிகிறது அல்லவா? துள்ளிக் குதிக்கும் நான்கு வயது நாயைப் பார்த்து, "இதற்கென்ன, இளவட்டம்" என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே அதன் உடம்பு நடுவயதைக் கடந்துகொண்டிருக்கிறது.

பரிசோதனை என்றால் என்ன நடக்கிறது என்பதையும் பலர் கவனிப்பதில்லை. மருத்துவர் நாயை விளையாட்டாகத் தடவிக் கொடுப்பதாக நினைக்கிறார்கள். நான் உடன் வேலை பார்த்த மருத்துவர், நாய் கதவைத் தாண்டி உள்ளே நடந்து வரும்போதே பார்க்கத் தொடங்கிவிடுவார். எந்தக் காலை ஊன்றத் தயங்குகிறது, தலை ஒரு பக்கம் சாய்கிறதா, உட்காரும்போது பின்னங்காலை விலக்கி வைக்கிறதா என்பதெல்லாம் மேசையில் ஏற்றும் முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். பிறகு உதட்டைத் தூக்கி ஈறைக் கட்டைவிரலால் அழுத்துவார். அழுத்திய இடம் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் மறுபடி இளஞ்சிவப்பாக வேண்டும். கடைவாய்ப் பல்லில் காவி ஏறியிருக்கிறதா, ஈறு விளிம்பு சிவந்திருக்கிறதா என்று பார்ப்பார். தாடைக்கு அடியில், தோளுக்கு முன்னால், பின்னங்கால் முட்டிக்குப் பின்னால் விரல்கள் போகும். நெறி கட்டியிருக்கிறதா என்று பார்க்கிற இடங்கள் அவை. இரண்டு கையையும் வயிற்றின் இரு பக்கமும் வைத்து மெதுவாக உள்ளே அழுத்தி, மண்ணீரல், சிறுநீர்ப்பை என்று ஒவ்வொன்றாக உணர்வார். முடியை எதிர்த்திசையில் கோதித் தோலைப் பார்ப்பார். காதைத் திருப்பி முகர்ந்தும் பார்ப்பார். பூஞ்சை பிடித்த காதுக்கு ஒரு புளித்த வாடை உண்டு.

கடைசியாக ஸ்டெதாஸ்கோப். அதை எடுத்துவிட்டால் அறையில் ஒருவரும் பேசக்கூடாது. நாய் மூச்சிரைத்தால் நான் அதன் வாயை மென்மையாக மூடிப் பிடித்துக்கொள்வேன். இடது முழங்கைக்குப் பின்னால் ஒரு நிமிடம், வலப்பக்கம் ஒரு நிமிடம், பிறகு நுரையீரலின் மேலும் கீழும். இவ்வளவுக்கும் எந்த இயந்திரமும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். ஊசி போட ஒரு நொடி போதும். மருத்துவரைப் பார்க்கப் போவதன் பலன் அந்த நொடிக்கு முந்தைய பத்துப் பதினைந்து நிமிடத்தில்தான் இருக்கிறது.

இனி அந்த வாசகரின் கேள்விக்கு வருகிறேன்.

குட்டி என்றால் கணக்கு நெருக்கமானது. ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, பதினாறு வாரம் ஆகும்வரை இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் தடுப்பூசிகள் தொடரும். ஏன் இத்தனை தடவை என்று அலுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடலில் இருக்கும்வரை, அதுவே ஊசி மருந்தை வேலை செய்யவிடாமல் தடுத்துவிடும். எந்தக் குட்டிக்கு அது எந்த வாரத்தில் வடியும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். "இரண்டு ஊசி போட்டாயிற்று, போதும்" என்று பத்தாவது வாரத்தோடு நிறுத்திவிட்டு, பார்வோ வந்து வாடிக் கிடக்கும் குட்டியைத் துண்டில் சுற்றி எடுத்து வருபவர்களைப் பார்க்கும்போது மனது ஆறாது. 1978 வாக்கில்தான் அந்தக் கிருமி உலகெங்கும் பரவியது. மண்ணில் ஓர் ஆண்டுக்கு மேலும் அது உயிரோடு கிடக்கும். ஆகவே, வீட்டை விட்டு வெளியே போகாத குட்டிக்கு எப்படி வந்தது என்று கேட்பதில் பயனில்லை. நம் செருப்பிலேயே அது வீட்டுக்குள் வந்துவிடும். குட்டிப் பருவத்து வரிசை முடிந்த பிறகு, ஆறு மாத வயதையொட்டி ஓர் ஊசி போடுவது நல்லது என்று அதே உலகச் சங்கத்தின் 2024-ல் வந்த வழிகாட்டுதல் சொல்கிறது. முன்பு அதை ஒரு வயதில் போட்டார்கள். கருத்தடை அறுவை சிகிச்சையைப் பற்றியும் அப்போதே பேசிவிடலாம்.

குடற்புழு மருந்தையும் இதே வருகைகளில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உருண்டைப்புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அதனால் இரண்டு வார வயதிலேயே முதல் மருந்து. பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, அப்புறம் ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை, வளர்ந்த பின் பொதுவாக மூன்று மாதத்துக்கு ஒரு முறை. இந்தப் புழு குழந்தைகளுக்கும் தொற்றும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைத் தள்ளிப்போடவே கூடாது. மருந்தின் அளவு நாயின் எடையைப் பொறுத்தது. போன மாத எடைக்குக் கொடுத்த அளவு இந்த மாதக் குட்டிக்குப் போதாது.

ஒரு வயதிலிருந்து ஏறக்குறைய ஏழு வயது வரை, குறை ஏதும் தெரியாத நாய்க்கு வருடத்துக்கு ஒரு முறை. இந்த அளவில் தங்கள் பதிலோடு உடன்படுகிறேன். ஆனால் அது முழுப் பரிசோதனையாக இருக்க வேண்டும். இந்த வயதில் இரண்டு விஷயங்களை முக்கியமாகப் பார்க்க வேண்டும்: எடை, பல்.

எடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எடைப் பலகை என் கையில்தான் இருந்தது. இருபது கிலோ நாய் வருடத்தில் இரண்டு கிலோ கூடினால் வீட்டில் யாருக்கும் தெரியாது. தினமும் பார்க்கும் கண்ணுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. மனிதக் கணக்கில் பார்த்தால், அறுபது கிலோ எடையுள்ளவர் ஆறு கிலோ கூடியதற்குச் சமம் அது. எடை கூடுவதால் மூட்டும் இதயமும் படும் பாட்டைச் சொன்னால், "பாவம், கேட்கிறது, கொடுக்காமல் இருக்க மனசு வரவில்லை" என்பார்கள். அவர்களுக்கு நான் சொல்வது ஓர் ஆய்வைப் பற்றி. 2002-ல் வெளியானது. நாற்பத்தெட்டு லாப்ரடார் நாய்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு மட்டும் மற்றதைவிட கால் பங்கு குறைவாக உணவு கொடுத்து ஆயுள் முழுவதும் கவனித்தார்கள். குறைவாகச் சாப்பிட்ட நாய்கள் ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டு வலிக்கு மருந்து தேவைப்பட்டதும் அவற்றுக்குத் தாமதமாகத்தான். நாய் நம்மோடு இன்னும் இரண்டு வருடம் இருக்க வேண்டும் என்று ஆசைப்படாத வீடு உண்டா?

பல்லைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று வயதைத் தாண்டிய நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு ஏதோ ஓர் அளவில் ஈறுநோய் இருக்கிறது. "நாய் வாய் என்றால் நாறத்தான் செய்யும்" என்று விட்டுவிடுகிறோம். அது வலிக்கும். வலித்தாலும் நாய் சாப்பிடுவதை நிறுத்தாது. ஒரு பக்கமாக மென்று சமாளித்துக்கொள்ளும். இப்படி வலியை வெளியே காட்டாமல் இருப்பது நாயின் இயல்பு. "நேற்றுவரை நன்றாகத்தான் இருந்தது" என்று சொல்லிக்கொண்டு வருபவர்களை நான் ஒருபோதும் சந்தேகப்பட்டதில்லை. அவர்கள் கண்ணுக்கு அது நன்றாகத்தான் இருந்திருக்கும்.

ஏழு வயதுக்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை. பெரிய இன நாய்களுக்கு ஐந்து, ஆறு வயதிலேயே இதைத் தொடங்கிவிட வேண்டும். ரத்தமும் சிறுநீரும் பார்க்க வேண்டும், ரத்த அழுத்தமும் பார்ப்பது நல்லது. நன்றாக ஓடியாடும் நாய்க்கு ரத்தப் பரிசோதனை எதற்கு என்ற கேள்வி இங்கேதான் வரும்.

சிறுநீரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வேலைத்திறனில் ஏறக்குறைய முக்கால் பங்கு போன பிறகுதான் ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவு உயரத் தொடங்கும். அதற்கு முன்பே சிறுநீரின் அடர்த்தி குறைந்துவிடும், எடை இறங்கிவிடும், தண்ணீர்ப் பாத்திரம் அடிக்கடி காலியாகும். எங்களிடம் வழக்கமாக வரும் ஒரு நாய், பன்னிரண்டு கிலோ இருந்தது, அடுத்த ஆறு மாத வருகையில் பதினொன்றாகியிருந்தது. "வயதாகிறது இல்லையா, கொஞ்சம் இளைத்திருக்கிறது" என்றார் அதை வளர்த்த அம்மா. வேறு குறையே இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறது, வாலை ஆட்டுகிறது. அட்டையில் முந்தைய எடை இருந்ததால் மருத்துவர் விடவில்லை. சிறுநீரை எடுத்துப் பார்த்தால் தண்ணீர்போல் நீர்த்திருந்தது. உணவை மாற்றி, ரத்த அழுத்தத்துக்கு மருந்து கொடுத்து, அதன் பிறகு அந்த நாய் வெகு காலம் நிம்மதியாக இருந்தது. இதே நோயோடு, வாந்தியும் வாய்ப்புண்ணுமாக, எழுந்து நிற்கத் தெம்பில்லாத நிலையில் முதல் முறையாக வந்த நாய்களும் உண்டு. அவற்றுக்காக மருத்துவரால் செய்ய முடிந்தது மிகக் கொஞ்சம்.

இதயமும் அப்படித்தான். சிறிய இன நாய்களுக்கு வயதாகும்போது இதயத்தின் இடப்பக்க வால்வு தடித்து, சரியாக மூடாமல் ரத்தம் பின்னோக்கிக் கசியும். இருமலோ மூச்சுத்திணறலோ வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, ஸ்டெதாஸ்கோப்பில் 'உஸ்' என்ற சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். சத்தம் கேட்டதும் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்து, இதயம் பெரிதாகியிருந்தால் அப்போதே ஒரு மாத்திரையைத் தொடங்கலாம். அது இதயச் செயலிழப்பை ஏறக்குறைய பதினைந்து மாதம் தள்ளிப்போடுவதாக 2016-ல் வெளியான ஆய்வு காட்டியது. இருமல் வரட்டும், பார்க்கலாம் என்று காத்திருந்தால் அந்தப் பதினைந்து மாதம் கைவிட்டுப் போய்விடும். வீட்டிலும் ஒன்றைக் கவனிக்கலாம். நாய் நன்றாக உறங்கும்போது மார்பு ஒரு நிமிடத்தில் எத்தனை முறை உயர்ந்து தாழ்கிறது என்று எண்ணுங்கள். முப்பதுக்குள் இருக்க வேண்டும். தொடர்ந்து அதற்கு மேல் போனால் அடுத்த தேதி வரை காத்திருக்கக் கூடாது.

சர்க்கரை நோய், வலிப்பு, தைராய்டு குறை, மூட்டு வலிக்கு நெடுநாள் மருந்து என்று இருக்கும் நாய்களுக்கு நான் சொல்லும் எந்தக் கணக்கும் பொருந்தாது. அவற்றை மருத்துவர் குறித்த தேதியில் அழைத்துப் போயாக வேண்டும். மருந்து ஒத்துக்கொண்டு நாய் நன்றாக இருக்கிறது என்பதற்காகப் பரிசோதனையைத் தவிர்ப்பது தவறு. நெடுநாள் மருந்துகள் சில, கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடியவை.

தேதி பார்க்காமல் ஓட வேண்டிய நேரங்களும் உண்டு. தொலைபேசியில் இவற்றைக் கேட்டாலே நான், "பேசிக்கொண்டிருக்காதீர்கள், உடனே கிளம்புங்கள்" என்று சொல்லிவிடுவேன். ஆழ்ந்த மார்புள்ள பெரிய நாய், வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்று முயன்று ஒன்றும் வராமல் தவிக்கிறது என்றால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். சிறுநீர் கழிக்க முக்குகிறது, வரவில்லை. ஈறு வெளிறியோ நீலம் பாய்ந்தோ இருக்கிறது. வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டுகிறது, அல்லது ஒரே நாளில் மறுபடியும் வருகிறது. வெயிலில் ஓடிய பிறகு மூச்சிரைப்பு அடங்காமல் தள்ளாடுகிறது. சாக்லேட், திராட்சை, வெங்காயம், எலி மருந்து எதையாவது தின்றுவிட்டது. சர்க்கரை சேர்க்காத சில இனிப்புப் பண்டங்களில் உள்ள சைலிட்டால் என்ற இனிப்பூட்டியும் நாய்க்கு விஷம். இவை எல்லாம் அந்த வகை.

இன்னொன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பலர் அறிந்திருக்கவில்லை. கருத்தடை செய்யாத பெண் நாய், பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் அளவுக்கு மீறித் தண்ணீர் குடிக்கிறது, சோர்ந்து படுக்கிறது, சாப்பாட்டைக் குறைக்கிறது என்றால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கக்கூடும். சீழ் வெளியே வந்தால் கண்ணில் படும். கருப்பை வாய் மூடியிருந்தால் ஒன்றுமே தெரியாது. அதுதான் அதிக ஆபத்து. "வெயில் காலம், தண்ணீர் குடிக்கிறது" என்று நான்கு நாள் விட்டுவிட்டு, வயிறு பெருத்த பிறகு தூக்கிக்கொண்டு வருவார்கள். அறுவை சிகிச்சை அன்றிரவே நடக்கும். சில பிழைக்கும்.

எதற்கெடுத்தாலும் ஓடி வர வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. வளர்ந்த நாய் ஒரு முறை வாந்தி எடுத்தது, பிறகு வழக்கம்போல் விளையாடுகிறது, சாப்பிடுகிறது என்றால் வீட்டிலேயே கவனிக்கலாம். வாந்தியோ வயிற்றுப்போக்கோ ஒரு நாளைத் தாண்டினாலும், ரத்தம் தென்பட்டாலும், ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டாலும் காட்ட வேண்டும். குட்டிக்கும் முதிய நாய்க்கும் அந்த ஒரு நாள் அவகாசம்கூடக் கிடையாது. காத்திருக்கும் நேரத்தில் மனிதர்களுக்கான காய்ச்சல் மாத்திரையையோ வலி மாத்திரையையோ தயவுசெய்து கொடுக்காதீர்கள். பாராசிட்டமாலும் இபுப்ரோஃபெனும் நாயின் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் இரைப்பையையும் கெடுக்கும். நோயைவிட மாத்திரையால் சீரழிந்து வந்த நாய்களை என் கையால் பிடித்திருக்கிறேன்.

மருத்துவமனை வாசலைக் கண்டாலே நாய் நடுங்குகிறது, அதனால்தான் அழைத்து வருவதில்லை என்று சிலர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஊசிக்கு மட்டும் வந்து, குத்து வாங்கிக்கொண்டு போகும் நாய்க்கு அந்த வாசல் வேறு எதை நினைவூட்டும்? இதற்கு வழி, இன்னும் அடிக்கடி அழைத்து வருவதுதான். ஒன்றுமே செய்யாமல் எடை மட்டும் பார்த்துவிட்டுப் போகலாம். நாங்கள் அப்படி வரச் சொல்வோம். நாய் தானே பலகையில் ஏறும், நான் அதன் காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டுப் பிடித்த தின்பண்டம் ஒன்றைக் கொடுப்பேன், அவ்வளவுதான், திரும்பிப் போய்விடும். அப்படிப் பழகிய நாய்களுக்கு கடிக்காமல் இருக்க வாய்ப்பூட்டு போட வேண்டிய தேவை அரிதாகவே வந்தது. பயத்தில் துடிக்கும் நாயின் நாடித் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் அளந்தால் கிடைக்கும் எண்ணை நம்பவும் முடியாது. ஆகவே இது நாயின் மனதுக்காக மட்டும் சொல்வது அல்ல.

வரும்போது காலை மலத்தில் சிறிது ஒரு மூடிய டப்பாவில் கொண்டு வாருங்கள். கொடுக்கும் மருந்துகளின் அட்டைகளையும் எடுத்து வாருங்கள். வீட்டில் நொண்டுகிற நாய், மருத்துவமனைக்குள் வந்ததும் பதற்றத்தில் ஒழுங்காக நடக்கும். வீட்டில் இருமுகிற நாய் அங்கே இருமாது. அதனால் கைப்பேசியில் அரை நிமிடம் படம் பிடித்துக்கொண்டு வந்தால் மருத்துவருக்குப் பெரிய உதவி. ரத்தம் எடுப்பதாக இருந்தால் வெறும் வயிற்றோடு வர வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

செலவைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. குறை இல்லாத நாய்க்குச் செலவு செய்யக் கை தயங்கும். அது எனக்குப் புரியாதது அல்ல. எல்லாருக்கும் எல்லாப் பரிசோதனையும் கட்டுப்படியாகாது. அப்படியானால் அதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். எந்தப் பரிசோதனை இப்போதே வேண்டும், எது அடுத்த முறைக்குப் போகலாம் என்று அவர் பிரித்துச் சொல்வார். சொல்லத் தயங்கி வராமலே இருந்துவிடுவதுதான் கெடுதல். கை வைத்துப் பார்ப்பதும் எடை பார்ப்பதும், முற்றிய நோய்க்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய தொகை.

ஆசிரியர் அவர்களே, அந்தக் கேள்வி-பதிலைத் தாங்கள் மறுபடி எடுத்துக்கொண்டு, ஒரு கால்நடை மருத்துவரைக் கொண்டு வயதுவாரியாக விளக்கி வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இரண்டு வரியில் முடிக்கக்கூடிய கேள்வி இல்லை அது.

இதைப் படிக்கும் கால்நடை மருத்துவர்களிடமும் ஒரு வேண்டுகோள். தடுப்பூசி அட்டையில் ஊசியின் பெயருக்கும் தேதிக்கும் மட்டும் கட்டங்கள் இருக்கின்றன. அதே அட்டையில் எடை, பல், இதயம் என்று மூன்று கட்டம் சேர்த்து, ஒவ்வொரு வருகையிலும் நிரப்பிக் கொடுங்கள். அடுத்து ஊசி இருக்கிறதோ இல்லையோ, அடுத்த பரிசோதனைக்கு ஒரு தேதியைக் கையால் எழுதிக் கொடுங்கள். அட்டையில் தேதி இருந்தால் வீட்டில் யாராவது ஒருவர் அதை எடுத்துப் பார்த்து நாயை அழைத்து வந்துவிடுகிறார். வாசல் மேசையில் இருந்த காலமெல்லாம் நான் கண்டது அது.

இப்படிக்கு,
கால்நடை மருத்துவமனை உதவியாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு வாசகி